வெடிப்புக்கு ஒரு பாடத்திட்டம்

கொழும்பின் வெள்ளவத்தையில் காணி வைத்திருப்போரை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பக்கத்துக் காணியில் குழி தோண்டப்படுகிறவர்கள் முதல் வகை. தங்கள் முறை வரும்வரை காத்திருப்பவர்கள் மற்ற வகை. சவுந்தரநாயகம் மாசி மாதம் வரைக்கும் மற்ற வகையில் நிம்மதியாக இருந்தார்.

அவர் துறைமுகத்தடிக் கப்பல் கம்பனியொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. எவ்லினைக் கலியாணம் கட்டியதால் வெள்ளவத்தைக்கு வந்தவர். காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் எவ்லினின் சீதன வீடு இருந்தது. ஓடு போட்ட, மாடியில்லாத பழைய வீடு. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன எவ்லின் அதன் பின்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலொன்றில் படுத்திருந்தார். அந்த அறைச் சுவருக்கு அப்பால் முன்பு ஒரு மாமரம் நின்றது. இப்போது அங்கே கார்கள் நிறுத்துவதற்கான நிலக்கீழ் மாடிகளுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கடற்கரையோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் பம்ப் வைத்து இறைப்பார்கள். இரவு பகலாக இறைத்தார்கள். எவ்லினின் கட்டில் தலைமாட்டுக்கு மேலே சுவரில் ஒரு வெடிப்பு வந்தது. முதலில் தலைமயிரளவுதான். தவக்காலம் தொடங்கியபோது அதற்குள் விரல் நகம் போனது. குருத்தோலை ஞாயிறன்று கரண்டிக் காம்பு போனது.

சவுந்தரநாயகம் குழிக்காரரிடம் போனார். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். "பிரஷ்னயக் நே அங்கிள்" என்று, பிரச்சினை ஒன்றுமில்லை என்பதைச் சிங்களத்தில் சொல்லி, ஒரு நெக்டோ சோடாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். சம்பந்தப்பட்ட கந்தோருக்குப் போனார். வெடிப்பு இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் அது வெறும் அபிப்பிராயம், சான்றளிக்கும் அதிகாரமுள்ள பட்டயப் பொறியியலாளர் ஒருவர் சொன்னால்தான் அது வெடிப்பு என்று அங்கே விளங்கப்படுத்தினார்கள்.

வெள்ளவத்தையில் கல்லெறிந்தால் அது ஓர் இஞ்சினியரின் தாயின் தலையில் விழும். இஞ்சினியர் மெல்பேணில் இருப்பார். சவுந்தரநாயகம் ஒழுங்கையிலுள்ள அத்தனை தாய்மாரிடமும் இலக்கம் வாங்கி, வெடிப்பின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லாப் பிள்ளைகளும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். நல்ல இஞ்சினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டும்படி எழுதியிருந்தார்கள்.

இவ்வளவு அலைந்தவருக்கு வீட்டிலேயே ஓர் அரை இஞ்சினியர் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகள் ஷெரோமி, கொள்ளுப்பிட்டியில் தளபாடக் கடையொன்றுக்கு மேலே இயங்கிய 'நாளைய பொறியியல் உயர் நிறுவகம்' என்னும் தனியார் நிறுவனத்தில் குடிசார் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வெடிப்பைப் பார்த்தாள். வெளியே போய்க் குழியைப் பார்த்தாள். வீதியோர வடிகாலுக்குள் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்த குழாய்க்குக் கீழே கையைப் பிடித்து, உள்ளங்கையில் தங்கியதைத் தகப்பனிடம் கொண்டுவந்து காட்டினாள். மணல்.

"தண்ணியோட சேத்து எங்கட வீட்டுக்குக் கீழ கிடக்கிற மண்ணையும் இறைக்கிறாங்கள் அப்பா. அத்திவாரம் இறங்குது. அம்மாவை இந்த அறையில வைச்சிருக்கேலாது."

"அப்ப நீ அதை எழுதிக் குடன்."

"நான் எழுதினா ஆர் பாக்கிறது? கையெழுத்து வைக்கிற ஆக்கள் வந்து சொல்லவேணும்."

அந்த நிறுவகத்தில் மண்ணியல் பாடத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டிருந்தார்கள். மண் பின்னோக்கிய பாடம் என்பது நிர்வாகத்தின் முடிவு. வெட்டிய பாதியையும் ஷெரோமி தானாக எடுத்து வாசித்திருந்தாள். இதற்கு நிறுவகத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

தகப்பனும் மகளும் பஸ்ஸேறிக் கொள்ளுப்பிட்டிக்குப் போனார்கள். ஒவ்வொரு கதவிலும் பட்டயப் பொறியியலாளர் என்று பலகை தொங்குவதைக் கண்டு சவுந்தரநாயகத்துக்கு மனம் குளிர்ந்தது. பணிப்பாளர் கலாநிதி றமேஷ் அவர்களை வரவேற்று, முதலில் நிறுவகத்தைச் சுற்றிக் காட்டினார். கொங்கிறீட் கட்டிகளை நசுக்கிப் பலம் பார்க்கும் இயந்திரம் இருந்த இடத்தில் இப்போது மெத்தை மூடைகள் கிடந்தன. பிள்ளைகள் அவற்றில் சாய்ந்து எதிர்காலத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் நடக்கும் 'செவிமடுத்தல் திறன்' வகுப்புக்கு அந்த இயந்திரத்தின் சத்தம் இடைஞ்சலாக இருந்ததாம். அதனால் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சுவரில் பாட அட்டவணை இருந்தது. தலைமைத்துவம், பல்துறைத் தொடர்பாடல், நிலைபேறான கதையாடல் என்று நிறையப் பாடங்கள். கடைசியில் 'தொழில்முறைத் துணிவு' என்று ஒன்றிருந்தது. அது நல்ல பாடமாக இருக்குமே என்றார் சவுந்தரநாயகம். நல்ல பாடந்தான், ஆனால் அதைப் படிப்பிக்க இதுவரை எவரும் முன்வரவில்லை என்றார் பணிப்பாளர்.

சவுந்தரநாயகம் வந்த விஷயத்தைச் சொன்னார். யாராவது ஒருவர் வந்து சுவரைப் பார்த்து, அதற்குக் கீழே ஒரு நோயாளி படுக்கலாமா கூடாதா என்று சொன்னால் போதும். கலாநிதி றமேஷ் கண்ணை மூடித் திறந்தார்.

"அங்கிள், போன நூற்றாண்டு இஞ்சினியர் சுவரைப் பார்த்தார். இந்த நூற்றாண்டு இஞ்சினியர் சுவரைப் பற்றிய தரவைப் பார்க்கிறார். எங்கட பிள்ளைகள் அதையும் தாண்டிட்டாங்கள். தரவைப் பற்றிய கலந்துரையாடலை அவங்கள் பார்க்கிறாங்கள். நீங்கள் ஒரு வெடிப்போட வந்திருக்கிறீங்கள். நான் அதில ஒரு வாய்ப்பைக் காணுறன்."

வாய்ப்பைப் பணிப்பாளர் மட்டும் காணவில்லை. தர உறுதிப்பாட்டுப் பிரிவின் தலைவர் கலாநிதி மேனகாவும் கண்டார். நிறுவகத்துக்கு வெளிநாட்டு அங்கீகாரம் வழங்கும் குழு ஆனி மாதம் வருவதாக இருந்தது. மாணவர்கள் சமூகத்தின் உண்மையான பிரச்சினையொன்றோடு ஊடாடினார்கள் என்பதற்கு அவர்கள் அத்தாட்சி கேட்பார்கள். கலாநிதி மேனகா அது கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். சவுந்தரநாயகத்தின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். படித்த பெண், அதுவும் கலாநிதி, கண் கலங்க நன்றி சொன்னதும் இவர் எல்லாம் சரிவந்துவிட்டது என்று நம்பிவிட்டார். வீட்டுக்குத் திரும்புமுன் எதிர்ப்பக்கமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினார்.

அடுத்த கிழமை மஞ்சள் மேலங்கியும் தலைக்கவசமும் போட்ட பிள்ளைகள் வீட்டுக்குள் நிறைந்தார்கள். ஷெரோமியையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். தன் வீட்டுக்குள் தானே தலைக்கவசம் போட்டுக்கொண்டு போகவேண்டியிருந்தது. எவ்லின் தலையில் ஒன்றும் இல்லாமல் அவர்களையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு பிள்ளை அளவுநாடாவோடு கட்டிலைச் சுற்றி வந்தபோது, குழறும் வாயால், "என்னையும் அளக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

அளக்கத்தான் வேண்டியிருந்தது. வெடிப்பின் படத்தைத் தனியே எடுத்தால் அளவு விளங்காது. பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும். கட்டிலை ஒப்பீட்டுப் பொருளாகத் தெரிவு செய்தார்கள். ஆகவே அங்கீகாரக் குழு வந்து போகும்வரை கட்டிலை ஓர் அங்குலமும் அசைக்கக்கூடாது என்று கலாநிதி மேனகா அன்பாகக் கேட்டுக்கொண்டார். வெடிப்புக்குச் சாந்து பூசவும் வேண்டாம் என்றார். பூசினால் தரவு கெட்டுவிடும்.

அன்று பின்னேரம் ஷெரோமி தாயை முன்னறைக்கு மாற்றுவோம் என்றாள். சவுந்தரநாயகம் மறுத்தார். அந்தக் கட்டில் கதவால் வராது, குளியலறை பின்னறையோடுதான் இருக்கிறது என்ற காரணங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் உண்மைக் காரணம் வேறு.

"உன்ர புரொபெசர்மார் வந்து பாத்தவை தானே. ஆபத்தெண்டா சொல்லாமல் விடுவினமோ?"

இந்தத் திட்டத்தில் சித்தியடையாவிட்டால் பட்டம் இல்லை என்பதால் ஷெரோமி அவர்களை மறுத்துச் சொல்லத் துணியவில்லை. ஆபத்து இருந்தால் பெரியவர்கள் சொல்வார்கள் என்று தகப்பன் நினைத்தார். ஆபத்து இருந்தால் அங்கீகாரம் பெற்ற யாராவது சொல்வார்கள் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். சுவர் யாரையும் கேட்காமல் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

வெடிப்பைக் கண்காணிக்க ஒரு பழைய முறை உண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து இரு முனையையும் சாந்தால் ஒட்டிவிடுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் ஆட்களை வெளியே எடுக்கவேண்டும். பிள்ளைகள் கண்ணாடி ஒட்டினார்கள். விடிந்தபோது உடைந்து எவ்லினின் தலையணையில் கிடந்தது.

நிறுவகம் அவசரக் கூட்டம் கூட்டியது. கூட்டத்துக்கு ஷெரோமியும் போயிருந்தாள். கருவி பழுதாகிவிட்டது என்பதே கூட்டத்தின் ஏகமனதான கருத்து. கண்ணாடி தரமற்றது, வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் வாங்கியிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். கருவி பழுதாகவில்லை, அது வேலை செய்திருக்கிறது என்று ஷெரோமி சொன்னாள். அவளுடைய ஆர்வத்தைப் பாராட்டினார்கள். பிறகு தடித்த கண்ணாடி ஒட்டினார்கள். அதுவும் உடைந்தது. கருவிகள் இப்படி உடைந்துகொண்டே போனால் நிலைபேறு என்ற தலைப்பில் புள்ளி குறையும் என்று கலாநிதி மேனகா கவலைப்பட்டார். கடைசியில், இழுத்தால் நீளக்கூடிய ஒரு வகை றப்பர் நாடாவை ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்து ஒட்டினார்கள்.

நாடா உடையவில்லை. ஒரு கிழமையாகியும் உடையவில்லை. வெடிப்புக்குள் இப்போது சவுந்தரநாயகத்தின் நாலு விரலும் போனது, அப்பாலிருந்து கடல்காற்று வந்தது, ஆனால் நாடா உடையவில்லை. நிலைமை உறுதிநிலைக்கு வந்துவிட்டதாக நிறுவகத்தின் முகநூலில் படத்துடன் போட்டார்கள். மெல்பேணிலிருந்து பலர் கைதட்டினார்கள்.

இறுதி மதிப்பீடு வீட்டிலேயே நடந்தது. நேரில் வருவதாக இருந்த அங்கீகாரக் குழு கடைசியில் இணையம் வழியாகவே பார்க்க முடிவு செய்ததால் ஒரு கமெராவைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினார்கள். கலாநிதி றமேஷும் கலாநிதி மேனகாவும் கதவோரமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். பெரியவர்கள் கதவோரத்தில் இருப்பது சவுந்தரநாயகத்தின் கண்ணில் அன்றுதான் பட்டது. குழிக்கு மற்றப் பக்கத்தில் குடியிருக்கும் பௌஸியும் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். ரெக்ஸ்டைல் கடை வைத்திருப்பவர், யாருக்காவது ஒன்றென்றால் வானை எடுத்துக்கொண்டு வருகிற மனிதர்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் பகுதியைச் சொன்னார்கள். ஒருவன் வெடிப்பின் சமூகப் பரிமாணத்தைப் பற்றிச் சொன்னான். ஒருத்தி வெடிப்பை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டினாள். எல்லோரும் மேலதிக ஆய்வு தேவை என்று முடித்தார்கள். அப்படித்தான் முடிக்கவேண்டும் என்பது வழக்கம். கடைசியாக ஷெரோமியின் முறை வந்தது. அவள் திரையைத் தொடவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றித் தாயின் தலைமாட்டில் வைத்தாள்.

"மேலதிக ஆய்வு ஒண்டும் தேவையில்லை. அத்திவாரத்துக்குக் கீழ மண் இல்லை. சுவர் விழப்போகுது. அம்மாவை இப்பவே வெளிய எடுக்கவேணும்."

கலாநிதி மேனகா கமெராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மெல்லிய குரலில் ஷெரோமிக்கு நினைவூட்டினார். மாணவர் மட்டத்தில் எதிர்பார்க்கப்படுவது விழிப்புணர்வு மாத்திரந்தான், பரிந்துரை பட்டயப் பொறியியலாளருக்கு உரியது, மதிப்பீட்டுத் திட்டத்தில் அதற்குப் புள்ளியே இல்லை.

சவுந்தரநாயகம் எழும்பினார். பணிப்பாளரின் கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"சேர், நீங்கள் பட்டயம் பெற்ற ஆள்தானே. அப்ப நீங்கள் சொல்லுங்கோ. இதுக்குக் கீழ இவ படுக்கலாமோ, படுக்கக் கூடாதோ?"

கலாநிதி றமேஷ் கேள்வியைப் பாராட்டினார். மிகவும் ஆழமான கேள்வி என்றார். கமெராவுக்கு நேரே திரும்பி, கைகளைக் கோத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"படுக்கலாம் எண்டு நான் சொன்னா, அது ஒரு பொறுப்பு. படுக்கக் கூடாது எண்டு சொன்னா, குழி தோண்டுற கம்பனி எங்கட பங்காளி நிறுவனம், அதுவும் ஒரு பொறுப்பு. எதிர்காலப் பொறியியல் கல்வி இந்த இரண்டுக்கும் நடுவில இருக்கிற வெளியிலதான் வளருது. நாங்கள் பதில் சொல்லுற இஞ்சினியர்களை உருவாக்கேல்ல. கேள்வியோட வசதியா வாழக்கூடிய இஞ்சினியர்களை உருவாக்குறம்."

கமெராவிலிருந்து பாராட்டுக் குரல் வந்தது. சவுந்தரநாயகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் இவர்கள் சொல்லவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நம்பியிருந்தார். அவர்கள் சொல்லவே போவதில்லை என்பது அந்த வெட்கங்கெட்ட பேச்சில் விளங்கியது. அவர் மகளைப் பார்த்தார். மகள் ஏற்கெனவே தாயின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்திருந்தாள்.

கட்டில் கதவால் வராது. எவ்லினை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, பௌஸி ஒரு பக்கமும் சவுந்தரநாயகம் மற்றப் பக்கமும் தூக்கினார்கள். கதவோரத்தில் இருந்த இரண்டு கலாநிதிகளும் வழிவிட எழும்பவேண்டியதாயிற்று. தரவு சேகரிப்பு முடியவில்லை என்று கலாநிதி மேனகா பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். பௌஸியின் வானில் எவ்லினை ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்கு, சவுந்தரநாயகத்தின் தங்கை ஐறீனின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் மத்தியானம் சுவர் விழுந்தது. துறைமுகத்தில் சீமெந்து மூடை இறக்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான் என்று அயலவர்கள் சொன்னார்கள். கூரையின் பின்பாதியும் கூடவே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்த இடத்தில் கல்லும் ஓடும் குவிந்து கிடந்தன. சவுந்தரநாயகம் அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஆனால் அவருக்கு அழுகை அங்கே வரவில்லை. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியதும் எவ்லின், "எப்ப வீட்ட போறது?" என்று கேட்டார். அப்போதுதான் வந்தது.

நிறுவகம் இடிபாட்டைப் பார்க்க ஆள் அனுப்பியது. கல்லுக்கு நடுவில் றப்பர் நாடா முழத்துக்கு நீண்டு, அறாமல் கிடந்தது. கடைசிவரை செயலிழக்காத கருவி என்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வரவேற்பறையில் காட்சிக்கு வைத்தார்கள். அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டாட ஒரு மாநாடும் நடந்தது. மண்ணோடு மல்லுக்கட்டிய காலம் முடிந்துவிட்டது என்று கலாநிதி றமேஷ் தலைமையுரையில் சொன்னார்.

பெறுபேறுகள் வந்தன. மேலதிக ஆய்வு தேவை என்று சொன்ன பிள்ளைகள் அனைவரும் விசேட சித்தி. ஷெரோமி ஒருத்திதான் சித்தியடையவில்லை. அதிகாரமின்றிப் பரிந்துரை செய்தது, ஒப்பீட்டுப் பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவரை அப்புறப்படுத்தித் தரவைக் குழப்பியது என்று காரணம் போட்டிருந்தார்கள். கலாநிதி மேனகா தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். அடுத்த தொகுதியோடு சேர்ந்து திரும்பச் செய்யலாம். வெடிப்பைப் பற்றி இனிக் கவலையில்லை, சுவரே இல்லாதபடியால் வெடிப்பும் இல்லை, அந்த விடயம் திருப்திகரமாக முடிவுக்கு வந்துவிட்டது. அடுத்த தொகுதிக்கு வேறொரு வீடும் பார்த்தாகிவிட்டது.

சொன்னது சரியாக வந்ததில் ஷெரோமிக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. ஐறீனின் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. அதை எவ்லினுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஹோலில் பாய் போட்டுப் படுத்தார்கள். வீட்டுக்கு யார் நட்டஈடு தருவார்கள் என்று கேட்டுச் சவுந்தரநாயகம் திரும்பவும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். சுவர் விழுந்தது என்பதற்கும் அங்கே பட்டயப் பொறியியலாளரின் கருத்துக் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தகப்பனும் மகளும் வீடு திரும்பியபோது, வாசலில் பௌஸியின் வான் நின்றது. எவ்லினைச் சுகம் விசாரிக்க வந்திருப்பார் என்று நினைத்தார்கள். பௌஸி விசாரித்தார்தான். ஆனால் ஐறீன் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தங்கள் வீட்டுக் குசினிச் சுவரிலும் ஒன்று வந்திருக்கிறது என்றார். மூத்த மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம்தான் படுக்கிறாள். பணிப்பாளரும் அந்த அம்மாவும் நேற்று வந்தார்களாம், கையைப் பிடித்து நன்றி சொன்னார்களாம். நாளைக்குப் புள்ளைகள் வந்து டேப் ஒட்டப் போகிறார்களாம். பிறகு ஷெரோமியின் பக்கம் திரும்பினார்.

"மகள், ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க. புள்ளத்தாச்சிய அதுக்குள்ள வெச்சிக்கேலுமா எண்டு."

ஷெரோமி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பெயில் அங்கிள்" என்றாள்.

"தெரியும்" என்றார் பௌஸி. "பாஸானவங்கதான் நாளைக்கு வாராங்க. அந்தப் பயத்துலதான் ஒங்களத் தேடி வந்தேன்."